அன்றாடங்காய்ச்சி நுண்ணுயிரும் வார இறுதிக் குளிர்நீரும்

எங்கள் கலனில் வளர்ந்த நுண்ணுயிர் ஒரு திங்கட்கிழமை காலையில் முதல் தடவை செத்துக் கிடந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நுண்ணுயிர் வளர்க்கும் இடத்தில் ஒரு கலன் சாவது சகஜம்தான். கழுவினோம், வெந்நீராவியில் வேகவைத்தோம், உறைபெட்டியிலிருந்து புது விதை நுண்ணுயிரை எடுத்துப் போட்டோம். அடுத்த திங்கட்கிழமையும் அதே கதை. மூன்றாவது திங்கள் காலையில் மாணவி என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, இதுக்கு வெள்ளிக்கிழமை வந்தாலே உடம்புக்கு முடியாமப் போகுதுண்ணே" என்றாள். சிரித்தேன். ஆனால் அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. கிழமை பார்த்துச் சாகிற நுண்ணுயிர் உலகத்தில் கிடையாது. கிழமை பார்ப்பது கட்டடம்தான். அது எங்களுக்குப் புரிய இன்னும் பத்து நாள் ஆனது.

இடம் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம். நான் அங்கே நொதிகலன்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். மாணவி ஈப்போவிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்தவள். கலனில் இருந்தது தெர்மோஅனரோபாக்டர் கிவுயி என்ற நுண்ணுயிர். ருவாண்டாவுக்கும் காங்கோவுக்கும் நடுவில் இருக்கும் கிவு ஏரியின் சேற்றிலிருந்து எடுக்கப்பட்டு 1981ல் விவரிக்கப்பட்டது. அந்த ஏரியின் ஆழத்தில் கரியமில வாயுவும் மீத்தேனும் கன கிலோமீட்டர் கணக்கில் கரைந்து கிடக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் பிறந்தது வாயுவைத் தின்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் கொடுத்தால் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அதே புளிப்பைக் கொடுக்கும். இதற்குப் பிடித்த வெப்பநிலை 66 டிகிரி. செம்பவாங் வெந்நீர் ஊற்றில் முட்டை வேகவைக்கிறோமே, அந்தத் தண்ணீர் 70 டிகிரி. கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இதற்குக் குடித்தனம்.

இவ்வளவு வம்பு பிடித்த ஒன்றை ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது சிங்கப்பூரின் தண்ணீரைப் பற்றித்தான். எந்த நொதித்தலும் சூட்டை வெளியிடும். சாதாரண நுண்ணுயிர் 37 டிகிரியில் வளரும். இங்கே குழாய்த் தண்ணீரே 28, 30 டிகிரி இருக்கிறது. ஏழெட்டு டிகிரி இடைவெளியை வைத்துக்கொண்டு பெரிய கலனைக் குளிர்விப்பது சிரமம், ஆகவே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் போட்டு மின்சாரத்தைக் கொட்ட வேண்டும். கலன் 66 டிகிரியில் ஓடினால் அதே குழாய்த் தண்ணீர் தாராளமாகப் போதும். அப்புறம் வேறு கிருமி கலந்துவிடும் தொல்லை இல்லை. நம் கையிலும் காற்றிலும் இருக்கிற சாதாரணக் கிருமிகள் அந்தச் சூட்டில், ஆக்சிஜனும் இல்லாத இடத்தில், பிழைக்காது.

கலன் எப்படி ஓடியது

2 லிட்டர் கண்ணாடிக் கலன், உள்ளே 1.5 லிட்டர் கரைசல். நூற்றுக்கு 80 பங்கு ஹைட்ரஜனும் 20 பங்கு கரியமில வாயுவும் கலந்த சிலிண்டரிலிருந்து நிமிடத்துக்கு அரை லிட்டர் வாயு. அமிலம் உருவாக உருவாக ஒரு சிறு பம்ப் காஸ்டிக் சோடா என்ற காரத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு அமிலத்தன்மையை 6.4ல் நிறுத்தும். வெளியேறும் வாயு முதலில் ஒரு கண்டென்சர் வழியாகப் போகும். அதைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும். ஆவியாகிப் போகும் தண்ணீர் அங்கே குளிர்ந்து கலனுக்கே திரும்பிவிடும். வாயு மட்டும் ஒரு ஃபில்டரைத் தாண்டி, வெளியேற்றுக் குழாய்க்குப் போகும். வாரநாள்களில் மாணவி தினமும் பாதிக் கரைசலை எடுத்துவிட்டுப் புதிதாக ஊட்டக் கரைசலை ஊற்றுவாள். வார இறுதியில் அந்த வேலை கிடையாது.

இந்த ஏற்பாடு இதற்கு முன் ஆறு வாரம் தொந்தரவு இல்லாமல் ஓடியது. பிறகு ஓர் இடைவெளி விட்டு மறுபடி தொடங்கினோம். அப்போதுதான் இந்தத் திங்கட்கிழமை வியாதி.

திங்கள் காலையில் என்ன தெரியும்? வெள்ளிக்கிழமை 2.8 இருந்த கலங்கல் அளவு 1.1க்கு இறங்கியிருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் உடைந்த கூடுகளாகத் தெரியும். கரைசலில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். ஆனால் வெப்பநிலை சரி, கலக்கி சரி, வாயு ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டரில் நிமிடத்துக்கு அரை லிட்டர் சரி, சிலிண்டரும் எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவு குறைந்திருக்கும்.

தப்பான ஆளைப் பிடித்த கதை

இளஞ்சிவப்பைப் பார்த்ததும் எல்லோரும் ஆக்சிஜன் என்று முடிவுகட்டினோம். ஊட்டக் கரைசலில் ரெசசூரின் என்ற சாயம் கொஞ்சம் இருக்கும். ஆக்சிஜன் இல்லாதவரை நிறமற்றுக் கிடக்கும், நுழைந்தால் சிவக்கும். சிலிகோன் குழாய் வழியாக ஆக்சிஜன் கசியும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே குழாய் அத்தனையையும் மாற்றினோம். சிலிண்டருக்கும் கலனுக்கும் நடுவில் இருந்த, ஆக்சிஜனைப் பிடிக்கும் செம்புத் தூணைச் சூடாக்கிப் புதுப்பித்தோம். ஒரு வாரம் இதிலேயே போனது. பலன் பூஜ்யம்.

அடுத்த சந்தேகம் கந்தகம். இந்த நுண்ணுயிரின் நொதிகளில் இரும்பும் கந்தகமும் நிறைய. நாங்கள் கொடுக்கும் சல்ஃபைடு அந்தச் சூட்டில், ஓடும் வாயுவோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடாகப் பறந்துவிடும். இது உண்மையான சிக்கல்தான், வாயு நொதித்தல் செய்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். வெள்ளி மாலை கூடுதல் சல்ஃபைடு கொடுத்துப் பார்த்தோம். திங்கட்கிழமை நாற்றம்தான் கூடியிருந்தது.

மூன்றாவது சந்தேகம் மாணவியுடையது. இரண்டரை நாள் புது ஊட்டம் இல்லாமல் அசிட்டேட், அதாவது அசிட்டிக் அமிலத்தின் உப்பு வடிவம், சேர்ந்து அதன் நஞ்சிலேயே செத்திருக்கலாம் என்றாள். நல்ல யோசனை, சோதிப்பதும் சுலபம். செவ்வாய் முதல் வியாழன் வரை எதையும் மாற்றாமல் விட்டோம். வளர்ச்சி மந்தமானது, ஆனால் சாகவில்லை. ஆக, நாள் கணக்கு காரணம் இல்லை. சனி, ஞாயிறுதான் காரணம்.

காரக் கோடு

திரும்பிப் பார்த்தால், விடை முதல் வாரத்திலிருந்தே கணினியில் கிடந்தது. காஸ்டிக் சோடா பம்ப் எப்போது எவ்வளவு விட்டது என்று ஒரு கோடாக வரைந்துகொண்டே இருக்கும். எங்கள் கலனில் மணிக்குச் சுமார் 2 மில்லிலிட்டர். இந்தக் கோடுதான் நுண்ணுயிரின் நாடித்துடிப்பு. அமிலம் செய்தால் காரம் கேட்கும், காரம் கேட்டால் உயிரோடிருக்கிறது. கோடு சனிக்கிழமை அதிகாலையில் தட்டையாகிவிட்டது என்பதை முதல் வாரமே பார்த்தேன். செத்துப்போனதால் அமிலம் நின்றது என்று நினைத்துக்கொண்டேன். தலைகீழாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

மூன்றாவது முறை கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அதன் வடிவம் கண்ணில் பட்டது. நஞ்சு சேர்ந்து சாகும்போது கோடு மெல்ல மெல்ல வளையும், அரைநாள் பிடிக்கும். இதுவோ அதிகாலை மூன்றரைக்கு முழு வேகத்தில் இருந்தது, நான்கு மணிக்குப் படுத்துவிட்டது. அரை மணி நேரத்தில் ஒரு கலன் முழுவதும் வேலையை நிறுத்துகிறது என்றால் சாப்பாடு நின்றிருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹைட்ரஜன் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். 1.5 லிட்டரில் கரைந்திருக்கக்கூடிய ஹைட்ரஜன், அந்த வேகத்தில் தின்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் வராது. கரைசலுக்கு மேலே தங்கியிருக்கும் வாயுவையும் சேர்த்தால் கால் மணி நேரம். கோட்டின் வடிவத்தோடு அப்படியே பொருந்தியது. ஆனால் ஃப்ளோ மீட்டர் அரை லிட்டர் என்று காட்டிக்கொண்டே இருந்ததே?

எழுந்து போய், சிலிண்டரிலிருந்து குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஃப்ளோ மீட்டர். அதைத் தாண்டி ஒரு கிளை, அதில் ரிலீஃப் வால்வ். அதைத் தாண்டித்தான் கலன். கண்ணாடி வெடித்துவிடக் கூடாது என்பதற்காக, அழுத்தம் ஏறினால் வாயுவை நேராக வெளியேற்றுக் குழாய்க்குத் திருப்பிவிடும் வால்வ் அது. கலனின் வாய் அடைத்துக்கொண்டால் வாயு மீட்டரை ஒழுங்காகத் தாண்டி, வால்வ் வழியாக வெளியே போய்விடும். மீட்டர் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அதனிடம் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். 50 மணி நேரத்தில் சுமார் 1,200 லிட்டர் ஹைட்ரஜனை வெளிக்காற்றுக்குத் தானம் செய்திருக்கிறோம்.

வாய் எங்கே அடைத்தது? மாணவியிடம் கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "திங்கட்கிழமை கழற்றும்போது ஃபில்டர் கொஞ்சம் கனமா இருந்துச்சுண்ணே" என்றாள். கலன் வேலை முறைத்தாளில் திங்கட்கிழமைக்கு முதல் வரியே, பழைய ஃபில்டரைக் குப்பையில் போட்டுப் புதியதை மாட்டு என்பதுதான். இரண்டாவது வரிதான் மாதிரி எடுப்பது. அதாவது ஒவ்வொரு வாரமும் சாட்சியைக் குப்பையில் போட்டுவிட்டு விசாரணையைத் தொடங்கியிருக்கிறோம். அந்தத் தாளை எழுதியவன் நான். கழிவுப் பையை இன்னும் எடுத்துப் போகவில்லை. கையுறை போட்டுத் தோண்டி எடுத்துத் தராசில் வைத்தோம். புது ஃபில்டர் 19 கிராம். இது 31.

குளிர்நீர்

கூடிய எடை தண்ணீர்தான். அதைத் தடுக்க வேண்டிய கண்டென்சரின் குளிர்நீர் கட்டடத்தின் சில்லரிலிருந்து வருவது. கட்டடப் பராமரிப்பில் தேவகோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். கீழே போய் விசாரித்தேன். "வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு சில்லரை நிறுத்திடுவோம் சார். திங்கக்கிழமை காலையில அஞ்சரைக்குத்தான் திரும்ப. ரெண்டு மாசமா அப்படித்தான். மெயில் வந்திருக்குமே?" என்றார்.

வந்திருந்தது. மின்சாரச் சிக்கனம் என்று தலைப்பிட்ட மெயில். திறக்காமலே கிடந்தது.

66 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் கால் பங்குக்கும் மேல். வெளியேறும் வாயு ஒவ்வொரு மணி நேரமும் ஏழெட்டு கிராம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகும். குளிர்நீர் ஓடும்போது அது கலனுக்கே திரும்புகிறது. நின்றால், கண்டென்சரைத் தாண்டி, குளிர்ந்த இடம் எதுவோ அங்கே படியும். எங்கள் அமைப்பில் அந்த இடம் ஃபில்டர். ஃபில்டரின் சவ்வு தண்ணீரை ஒட்டவிடாத ரகம், காய்ந்திருந்தால் வாயுவை விடும், முன்னால் தண்ணீர் நின்றால் சுவர் ஆகிவிடும். இரவு ஒன்பதிலிருந்து அதிகாலை மூன்றரை வரை ஆறரை மணி நேரம், ஏறத்தாழ 50 கிராம் தண்ணீர். பாதி வழியிலேயே தங்கினாலும் ஃபில்டரை மூட அது போதும். வாயு ஓட்டம் நின்றதும் ஆக்சிஜன் மெதுவாக உள்ளே கசிந்து சாயத்தைச் சிவக்க வைத்தது. ஆக, இளஞ்சிவப்பு காரணம் அல்ல, பின்விளைவு.

ஊகத்தோடு விட மனமில்லை. ஒரு செவ்வாய் இரவு கண்டென்சரின் குளிர்நீரை நாங்களே மூடினோம். கலனில் ஓர் அழுத்தமானியை மாட்டிவிட்டு உட்கார்ந்தோம். பரோட்டாக் கடையிலிருந்து வாங்கி வந்த தே தாரிக் ஆறிப்போனது. மூன்று மணிவரை முள் அசையவில்லை, எனக்கே என் கதையில் நம்பிக்கை போய்விட்டது. மூன்று இருபதுக்கு ஏறத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் ரிலீஃப் வால்வ் உஸ்ஸென்றது. மாணவி கைதட்டினாள். கலன் சாகப்போவதற்குக் கைதட்டுவது கொஞ்சம் குரூரம்தான்.

ஏன் இது மட்டும் உடனே சாகிறது

எனக்கு இந்த நிகழ்விலேயே பிடித்த பகுதி இதுதான். இதே கோளாறு ஈஸ்ட் கலனில் நடந்திருந்தால் திங்கட்கிழமை அது சோர்ந்திருக்கும், ஊட்டம் கொடுத்தால் எழுந்திருக்கும். கிவுயி எழவில்லை. காரணம் அதன் வருமானம்.

செல்லின் செலவுக் காசு ஏடிபி. ஒரு மோல் குளுக்கோஸை ஆக்சிஜனோடு எரித்தால் சுமார் 2,870 கிலோஜூல் கிடைக்கும், அதில் ஒரு செல் முப்பது ஏடிபிவரை சேர்த்துவிடும். நான்கு ஹைட்ரஜனையும் இரண்டு கரியமில வாயுவையும் ஓர் அசிட்டேட்டாக மாற்றினால் கிடைப்பது 95 கிலோஜூல், அதுவும் புத்தகக் கணக்கில். செல்லுக்குள் ஓர் ஏடிபி செய்ய 50, 60 கிலோஜூல் வேண்டும். சூடு ஏற ஏற இந்த 95 இன்னும் சுருங்கும். நான்கு ஹைட்ரஜன் சேர்ந்து நடக்கும் வினை என்பதால், ஹைட்ரஜனின் அளவு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் 66 டிகிரியில் 26 கிலோஜூல் கையை விட்டுப் போய்விடும்.

வினை நடக்கும் பாதைக்கு, அதைக் கண்டறிந்தவர்களின் பெயரால், உட்–யுங்டால் பாதை என்று பெயர். ஒரு கரியமில வாயு ஃபார்மேட்டாகிப் படிப்படியாக மெத்தில் ஆகிறது, இன்னொன்று கார்பன் மோனாக்சைடாகிறது. நிக்கல் கொண்ட ஒரு நொதி இரண்டையும் ஒட்டுகிறது. இதில் ஃபார்மேட்டை ஏற்றிவிட ஓர் ஏடிபி செலவு. கடைசியில் அசிட்டேட்டை இறக்கும்போது ஓர் ஏடிபி வரவு. வரவும் செலவும் சரி, கையில் மிச்சம் இல்லை. அப்படியானால் பிழைப்பது எப்படி? சவ்வில்தான் சூட்சுமம். ஹைட்ரஜனின் மின்னணுக்களை ஒரு நொதி இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஃபெரடாக்சின் என்ற புரதத்திடம் கொடுக்கிறது. அந்தப் புரதத்திடமிருந்து மின்னணுவை வாங்கி, புரோட்டானோடு சேர்த்து மறுபடி ஹைட்ரஜனாக்கி வெளியே விடுகிறது எக் என்ற சவ்வு நொதி. ஹைட்ரஜனைத் தின்று பிழைக்கும் உயிர் நடுவில் ஹைட்ரஜனையே வெளியிடுகிறது! அந்தச் சுற்றில் கிடைக்கும் சிறு விசையில் அயனிகள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அவை திரும்பி நுழையும்போது ஏடிபி உருவாகிறது. ஓர் அசிட்டேட்டுக்கு ஒரு முழு ஏடிபிகூடத் தேறாது.

நம் ஊரில் அன்றாடங்காய்ச்சி என்பார்கள். அன்றைக்குக் கூலி வந்தால்தான் அன்றைக்கு உலை. அப்படியொரு பிழைப்பு இது. கூலி நின்றாலும் செலவு நிற்காது. 66 டிகிரியில் சவ்வு ஒழுகும், உள்ளே நுழையும் அயனிகளைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், சூட்டில் கெடும் புரதங்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வித்தாக, அதாவது கெட்டியான உறைக்குள் தூங்கும் வடிவமாக, மாறி ஒளிந்துகொள்ளவும் இதற்குத் தெரியாது. இதன் உறவினர் போன்ற மூரெல்லா தெர்மோஅசிட்டிகாவுக்கு அது தெரியும், 1942ல் குதிரைச் சாணத்திலிருந்து பிரித்தெடுத்தது. அதன் வித்துகள் வெந்நீராவிக்கும் சுலபத்தில் அசையாது. அதை வளர்த்திருந்தால் கலனைச் சுத்தம் செய்வது வேறொரு வழக்கு ஆகியிருக்கும்.

பின்னர் வேண்டுமென்றே வாயுவை நிறுத்திப் பார்த்தோம். 4 மணி நேரம் நிறுத்தியபோது, திறந்த ஒரு மணி நேரத்தில் காரக் கோடு பழையபடி ஏறியது. 20 மணி நேரம் நிறுத்திய கலன் திரும்பவில்லை. நடுவில் எங்கே எல்லை என்று தேடவில்லை, எங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

குளுக்கோஸையும் இது தின்னும். ஆகவே வாயு நின்றால் தானாகக் கொஞ்சம் குளுக்கோஸ் விடும் பம்ப் வைக்கலாம் என்று மாணவி சொன்னாள். கெட்டிக்காரத்தனமான யோசனை, நான்தான் வேண்டாம் என்றேன். கோளாறு நடந்ததே தெரியாமல் போய்விடும். இதில் இன்னும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

இந்தச் சிரமத்துக்கு என்ன பலன்

அசிட்டேட் விலை மலிந்த சரக்கு, அதற்காக மட்டும் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். ஆனால் அது அடுத்த நுண்ணுயிருக்குத் தீனி. எம்ஐடியில் மூரெல்லாவைக் கொண்டு வாயுவை அசிட்டேட்டாக்கி, அதை யாரோவியா என்ற ஈஸ்டுக்குக் கொடுத்து எண்ணெய் எடுத்துக் காட்டினார்கள். ஜப்பானில் மூரெல்லாவின் மரபணுவை மாற்றி அசிட்டோன் செய்ய வைத்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும், மூரெல்லா வளர்வதும் ஏறக்குறைய அதே சூட்டில். சரக்கு தானே ஆவியாகி வாயுவோடு வெளியே வந்துவிடும், தனியாகக் காய்ச்சி வடிக்கும் செலவு குறையும். எங்கள் ஃபில்டரை அடைத்த அதே ஆவியோட்டம் அங்கே கூலி வாங்காத வேலைக்காரன். கிவுயியை ஃபிராங்ஃபர்ட்டில் கார்பன் மோனாக்சைடுக்குப் பழக்கியும் இருக்கிறார்கள். குப்பையை வாயுவாக்கினால் வருவது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்த கலவைதான்.

சிங்கப்பூருக்கு வாயு தின்னும் நுண்ணுயிர் புதிதல்ல. ஹைட்ரஜனில் வளரும் ஒரு பாக்டீரியாவின் புரதமான சோலைனை உணவாக அனுமதித்த முதல் நாடு இதுதான், 2022ல். அது வெப்பம் விரும்பும் ரகம் இல்லை. ஹைட்ரஜனும் இங்கே அந்நியம் இல்லை. பல வீடுகளுக்குக் குழாயில் வரும் சமையல் வாயுவில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன். சிக்கல் என்னவென்றால் அந்த ஹைட்ரஜன் புதைபடிவ எரிபொருளிலிருந்து வருகிறது. அதை எடுத்துக் கரியமில வாயுவைச் சரிசெய்கிறேன் என்பது ஒரு பையிலிருந்து எடுத்து மறுபையில் போடுவதுதான். கரியமில வாயுவை வெளியிடுவதற்கான கரிம வரி 2024ல் டன்னுக்கு 25 சிங்கப்பூர் வெள்ளியாக இருந்தது, 2026க்கு அதை 45 வெள்ளி என்று வைத்தார்கள். சுத்தமான ஹைட்ரஜன் மலிவாகும்வரை அந்த வரியை மட்டும் வைத்து இந்தத் தொழில் ஓடும் என்று நான் நம்பவில்லை.

மாற்றியவை

ரிலீஃப் வால்வைத் தொடவில்லை, அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. அதற்கு அடுத்து, கலனிலிருந்து வெளியேறும் பக்கத்தில் இரண்டாவது ஃப்ளோ மீட்டர் வைத்தோம். கண்டென்சருக்குக் குழாய்த் தண்ணீரைக் கொடுத்தோம். 30 டிகிரிதான், ஆனாலும் ஆவியில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறது. கணக்குப்படி மிஞ்சுவது மணிக்கு ஒரு கிராம். சில்லருக்கு இங்கே வேலையே இல்லை, இதை ஆரம்பத்திலேயே யோசித்திருக்கலாம். ஃபில்டரைச் சுற்றி ஒரு சூட்டு நாடா. காரக் கோடு அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் என் கைப்பேசிக்குச் செய்தி வரும். போன மாதம் தீபாவளி அன்று காலை எண்ணெய்க் குளியலுக்கு நடுவில் ஒன்று வந்தது. காரப் புட்டி காலி, வேறொன்றும் இல்லை.

முறைத்தாளில் திங்கட்கிழமையின் முதல் வரி இப்போது, ஃபில்டரைத் தராசில் வை என்பது. மாணவி தேதி போட்டுச் சுவரில் எழுதி வருகிறாள். இந்த வாரம் 19 கிராம்.